நாற்பதுக்கு மேல் வேலை தேடுகிறவர்களுக்கு: வேலை போன வாரம் முதல் புதிய இடத்தின் முதல் மாதங்கள் வரை

இருபத்தைந்து வயதில் வேலை தேடிய அதே முறையில்தான் பலரும் நாற்பத்தைந்திலும் தேடுகிறார்கள். பழைய ரெஸ்யூமேயைத் தூசி தட்டி, கடைசி வேலையை மேலே சேர்த்து, வேலைவாய்ப்புத் தளங்களில் கண்ணில் படுவதற்கெல்லாம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பதில் வராது. மூன்றாம் மாதம் 'இந்த வயசுல நம்மள யாரு எடுப்பாங்க' என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வயது ஒரு தடையே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெவ்வேறு வயதுக்காரர்கள் பெயரில் 40,000-க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வயதான பெண்களுக்கு நேர்காணல் அழைப்பு தெளிவாகவே குறைந்தது; ஆண்கள் விஷயத்தில் சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. ஆனால் அந்த ஆய்வு எதை அளந்தது என்று பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் காகிதத்தை மட்டும் பார்த்து எடுத்த முடிவை. நடுவயதுக்காரருக்கு இருப்பதிலேயே குறுகலான வாசல் அது. உங்கள் வேலையைக் கூட இருந்து பார்த்தவர்கள் இத்தனை ஆண்டுகளில் ஏராளமாகச் சேர்ந்திருப்பார்கள். படிப்பு முடித்து வரும் இளைஞருக்கு அந்த வசதி கிடையாது. கீழே சொல்வதெல்லாம் அந்த வசதியை எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சுற்றியே இருக்கும்.

படி 1: கையிருப்பைக் கணக்கிடுங்கள்

ரெஸ்யூமேயைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் தவிர்க்கவே முடியாத மாதச் செலவுகளை எழுதுங்கள்: வாடகை அல்லது வீட்டுக் கடன், பிள்ளைகளின் கட்டணம், மருந்து, காப்பீடு, சாப்பாடு. உடனே எடுக்கக்கூடிய பணத்தை அந்தத் தொகையால் வகுத்தால், எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று தெரியும். ஓய்வுக்காலச் சேமிப்பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வரும் எண்ணைப் பொறுத்து உங்கள் திட்டமே மாறும். மூன்று மாதம்தான் என்றால், தெரிந்த வேலையைத் தெரிந்த துறையிலேயே பிடிக்க வேண்டும். துறை மாறும் ஆசையை வேலையில் உட்கார்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு மாதம் என்றால் கொஞ்சம் நிதானமாக யோசிக்க இடமிருக்கிறது. அலுவலகம் வழியாக இருந்த மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று விசாரித்து, வேறொன்றுக்கு உடனே ஏற்பாடு செய்யுங்கள். கடன் தவணையில் சிக்கல் வரும் என்று தெரிந்தால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள். தவறிய பிறகு பேசினால் அவர்கள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

இந்தக் கணக்கைக் கணவன் மனைவி சேர்ந்து போடுவது நல்லது. வேலை போனதை வீட்டில் மறைத்துக்கொண்டு தினமும் காலையில் கிளம்பிப் போகிறவர்கள் உண்டு; அந்த நாடகத்துக்கே பாதித் தெம்பு போய்விடும்.

படி 2: கோபத்தை நேர்காணலுக்கு முன் இறக்கிவையுங்கள்

ஆள்குறைப்பில் போனவர்களுக்கு இது அவசியம். 1994-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வேலை இழந்த நடுவயதுப் பொறியாளர்களில் ஒரு பகுதியினரை, வேலை போனதைப் பற்றிய தங்கள் உணர்வுகளை ஐந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம் எழுதச் சொன்னார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, எழுதாதவர்களைவிட எழுதியவர்களில் அதிகம் பேருக்கு வேலை கிடைத்திருந்தது. இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக அலைந்து தேடியிருக்கவில்லை. கசப்பு குறைந்ததால் எதிரே இருப்பவரிடம் பேசிய விதம் மாறியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

சிறிய ஆய்வுதான், பெரிதாகத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஆனால் செலவு ஒரு நோட்டும் பேனாவும். எழுதியதை யாருக்கும் காட்டத் தேவையில்லை. எழுதி முடித்தபின், வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்கு இரண்டே வரியில் பதில் தயார் செய்யுங்கள்: 'நிறுவனம் எங்கள் பிரிவையே மூடியது. இருபது பேரில் நானும் ஒருவன்.' அவ்வளவுதான். மூன்றாவது வரி வந்தால் பழைய மேலாளரைத் திட்டத் தொடங்கிவிடுவீர்கள்.

படி 3: பதவிப் பெயரை மறந்து, தீர்த்த சிக்கல்களை எழுதுங்கள்

'பதினெட்டு ஆண்டு அனுபவம்' என்று சொன்னால் எதிரே இருப்பவருக்குக் கேட்பது 'சம்பளம் அதிகம்' என்பது மட்டுமே. அதனால் வேறு விதமாகப் பட்டியல் போடுங்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் யாருக்காவது தலைவலியாக இருந்த எதை நீங்கள் தீர்த்துவைத்தீர்கள்? தாமதமாகிக்கொண்டே இருந்த சரக்கு, வசூலாகாத பாக்கி, ஆறு மாதத்துக்கு மேல் யாரும் தங்காத ஒரு குழு, தணிக்கையில் மாட்டிய கணக்கு. ஒவ்வொன்றுக்கும் என்ன நிலையில் இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது என்று மூன்று வரி. பதினைந்தாவது தேறும் வரை விடாதீர்கள். முதல் ஐந்து எளிதாக வந்துவிடும். பிறகு வருபவற்றில்தான், 'இதெல்லாம் ஒரு சாதனையா' என்று நீங்களே ஒதுக்கிவைத்த நல்ல சரக்கு இருக்கும். ரெஸ்யூமே, நேர்காணல், சம்பளப் பேச்சு எல்லாமே இந்தப் பட்டியலிலிருந்துதான் வரப்போகின்றன.

படி 4: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

வேலை மாற்றத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: செய்யும் பணி, பணிபுரியும் துறை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மாற்றினால், வேலை கொடுப்பவருக்கு நம்பிக் கால்வைக்க ஒரு பக்கமாவது திடமாக இருக்கும். மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர் காப்பீட்டு நிறுவனத்தில் மருத்துவக் கிளைம்களைச் சரிபார்க்கப் போகலாம். தொழிற்சாலையில் உற்பத்தியைக் கவனித்தவர், அதே தொழிலில் சப்ளையர்களின் தரத்தைத் தணிக்கை செய்யும் பக்கம் போகலாம். பள்ளி ஆசிரியர், நிறுவனங்களில் புது ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்குப் போகலாம்.

இரண்டையும் ஒரே தாவலில் மாற்ற நினைப்பவர்கள், பெரும்பாலும் இருபத்திரண்டு வயதுக்காரர்களோடு ஒரே வரிசையில், அவர்கள் வாங்கும் சம்பளத்துக்கு நிற்க வேண்டியிருக்கும். முடியாது என்றில்லை. இரண்டு தாவலாகப் பிரித்தால் இழப்பு குறைவு.

புதிய துறைக்கு என்ன படிக்க வேண்டும் என்பதைப் பயிற்சி நிறுவனத்தின் விளம்பரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் விரும்பும் பதவிக்கான இருபது விளம்பரங்களை எடுத்து, ஒவ்வொன்றும் கேட்கும் திறமைகளைக் கோடு போட்டு எண்ணுங்கள். பாதிக்கு மேல் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வருவதும், உங்களிடம் இல்லாததுமான ஒன்றிரண்டை மட்டும் படியுங்கள். சேமிப்பை விழுங்கும் கட்டணப் படிப்பில் சேருவதற்கு முன், அந்தத் துறையில் ஆள் எடுக்கும் இரண்டு பேரிடம் 'இந்தச் சான்றிதழ் இருந்தால் நீங்கள் கூப்பிடுவீர்களா' என்று நேரடியாகக் கேளுங்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்தே பதில் தெரிந்துவிடும்.

படி 5: ரெஸ்யூமே

இரண்டு பக்கம். கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளை விரிவாகவும், அதற்கு முந்தையவற்றை நிறுவனம், பதவி என்று ஒற்றை வரியாகவும் எழுதுங்கள். பிறந்த தேதி, திருமண நிலை, புகைப்படம் ஆகியவை சட்டப்படியோ வழக்கப்படியோ கேட்கப்படாத இடத்தில் வேண்டாம். பட்டம் வாங்கிய ஆண்டையும் விட்டுவிடலாம். இது மறைப்பதாகாது, கேட்டால் சொல்லப்போகிறீர்கள்.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில், விண்ணப்பம் முதலில் ஒரு மென்பொருளுக்குள் போய்த்தான் ஆளுக்கு வருகிறது. கட்டங்கள், பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த வடிவமைப்பு, படமாகச் சேர்த்த எழுத்து ஆகியவை அதில் குழம்பிப்போகலாம். பக்கத்தைப் பிரிக்காத, அலங்காரமில்லாத வடிவம் போதும். விளம்பரம் உங்கள் பணிக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறதோ, உண்மையிலேயே அந்தப் பணியைச் செய்திருக்கும்போது அதே சொல்லை நீங்களும் பயன்படுத்துங்கள்.

பணி வரிகளில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 'கிடங்கு நிர்வாகத்துக்குப் பொறுப்பு வகித்தேன்' என்ற வரியில் ஒன்றுமே இல்லை; அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதையே எழுதலாம். 'இருப்புக் கணக்கில் மாதந்தோறும் வந்த வித்தியாசத்தைத் தேடி, வரவுப் பதிவு இரண்டு இடத்தில் நடப்பதைக் கண்டுபிடித்து ஒன்றாக்கினேன்; அடுத்த ஆண்டுத் தணிக்கையில் ஆட்சேபணை இல்லை' என்பது நீங்கள் மட்டுமே எழுதக்கூடியது. எண் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் இட்டுக்கட்டாதீர்கள், நேர்காணலில் அதைத்தான் தோண்டுவார்கள்.

இடைவெளி இருந்தால் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: 'குடும்பப் பராமரிப்பு, இரண்டு ஆண்டுகள்.' காரணத்தைச் சொல்லாமல் விட்டால் வாசிப்பவர் மோசமான ஒன்றைத் தானே கற்பித்துக்கொள்வார்.

படி 6: மனிதர்கள் வழியாக

உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் இங்கே போக வேண்டும். எல்லோரும் தயங்குவதும் இங்கேதான்.

மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த விஷயத்தில் புகழ்பெற்றது. தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களிடம், அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 56 சதவீதம். அரிதாக என்றவர்கள் 28 சதவீதம். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரின் தொடர்புகளை வைத்து நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வும், மிக நெருங்கியவர்களைவிட ஓரளவு அறிமுகமானவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியதைக் காட்டியது. காரணம் எளியது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். எட்டு ஆண்டுக்கு முன் உங்களோடு வேலை பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போனவருக்குத்தான் உங்களுக்குத் தெரியாத வாசல்கள் தெரியும்.

பட்டியல் போடுங்கள். பழைய சக ஊழியர்கள், உங்களுக்குக் கீழே வேலை பார்த்து இப்போது மேலே போயிருப்பவர்கள், வாடிக்கையாளர்கள், சரக்கு கொடுத்தவர்கள், தணிக்கைக்கு வந்தவர்கள், கூடப் படித்தவர்கள். ஐம்பது பெயர் தேறும். உங்களுக்குக் கீழே இருந்தவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் உங்கள் வேலையின் தரம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நீங்கள் அவரை மரியாதையாக நடத்தியிருந்தால், அவரே பெரும்பாலும் முதல் ஆளாகப் பதில் போடுவார்.

'ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க' என்று அனுப்பாதீர்கள். அதற்கு 'கண்டிப்பா சொல்றேன்' என்ற பதில் வரும், அத்தோடு முடிந்துவிடும். எதைத் தேடுகிறீர்கள் என்று துல்லியமாகச் சொல்லி, அவரால் எளிதாகச் செய்யக்கூடிய சிறிய ஒன்றைக் கேளுங்கள்:

'வணக்கம் சார், நாம ரெண்டு பேரும் கிடங்கு மாத்துன சமயத்துல சேர்ந்து வேலை பார்த்தோம், ஞாபகம் இருக்கும். போன மாசத்தோட அந்தக் கம்பெனியிலிருந்து வெளிய வந்துட்டேன். இப்ப மருந்து விநியோகத் துறையில, கிடங்கு நிர்வாகப் பக்கம் முயற்சி பண்றேன். நீங்க அந்தத் துறையில இருக்கறதால, அங்க இப்ப எது பெரிய சிக்கலா இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். இந்த வாரம் பதினைஞ்சு நிமிஷம் போன்ல பேச முடியுமா?'

பேசும்போது பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடத்தில் முடியுங்கள். 'இதைப் பற்றி நான் வேறு யாரிடம் பேசலாம்?' என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். அவர் சொல்லும் பெயர்களில்தான் அடுத்த வாரப் பட்டியல் இருக்கிறது. பேசி முடித்த அன்றே நன்றி சொல்லி ஒரு செய்தி; பிறகு, அவர் சொன்னபடி செய்து என்ன நடந்தது என்று ஒரு செய்தி. இந்த இரண்டாவது செய்தியைப் பெரும்பாலானோர் அனுப்புவதில்லை. அனுப்புகிறவரின் பெயர், அடுத்த முறை ஒரு இடம் காலியாகும்போது நினைவுக்கு வரும்.

வாரத்துக்கு ஐந்து பேர் போதும். ஒரே நாளில் ஐம்பது பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பினால், அது ஒரே செய்தி என்று ஐம்பது பேருக்கும் தெரிந்துவிடும்.

படி 7: விளம்பரம் பார்த்து விண்ணப்பிப்பது

முற்றிலும் விட்டுவிட வேண்டாம், அளவாகச் செய்யுங்கள். கேட்ட தகுதிகளில் பெரும்பகுதி பொருந்தும் இடங்களுக்கு மட்டும், விளம்பரம் வந்த ஓரிரு நாட்களுக்குள். அனுப்புவதற்கு முன் அந்த நிறுவனத்தில் தெரிந்தவர் இருக்கிறாரா என்று பாருங்கள். பணியாளர் தேடித்தரும் ஏஜென்சி ஆட்களுக்குக் கூலி கொடுப்பது நிறுவனம். அவர்கள் உங்களுக்காக வேலை தேடுகிறவர்கள் அல்லர் என்பதை மறக்காதீர்கள்.

வேலை கொடுக்கப் பணம் கேட்பவர், பாஸ்போர்ட்டையோ மூலச் சான்றிதழையோ வாங்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பவர், நேர்காணலே இல்லாமல் ஆஃபர் லெட்டர் அனுப்புபவர்: மூவரிடமும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அவசரத்தில் இருக்கும் நடுவயதுக்காரர்கள் இந்த மோசடிகளுக்கு நல்ல இரை.

மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தால், குறுகிய கால ஒப்பந்த வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். 2013-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, வேலையின்றி இருக்கும் காலம் நீள நீள நேர்காணல் அழைப்புகள் குறைகின்றன. அந்தச் சரிவின் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் வேலை என்றாலும் ரெஸ்யூமேயின் மேல் வரியில் 'தற்போது' என்ற சொல் இருக்கும்.

பிள்ளை வளர்ப்பு, பெற்றோரைப் பார்த்துக்கொள்வது போன்றவற்றால் சில ஆண்டுகள் விலகியிருந்தவர்கள், மறுபிரவேசத் திட்டங்களைத் தேடிப்பாருங்கள். 'ரிட்டர்ன்ஷிப்' என்ற பெயரில் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனம் 2008-ல் தொடங்கியதைப் பார்த்து வேறு பல பெரிய நிறுவனங்களும் நடத்துகின்றன. சில வாரமோ சில மாதமோ சம்பளத்தோடு வேலை, சரிப்பட்டால் நிரந்தரம்.

சொந்தத் தொழில் எண்ணம் இருந்தால் ஒரு தகவல்: அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புது நிறுவனங்களை ஆராய்ந்தபோது, அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று தெரியவந்தது. ஆகவே வயதைச் சொல்லிப் பயப்பட வேண்டாம். செட்டில்மென்ட் பணம் முழுவதையும் அதில் கொட்டுவதற்கு மட்டும் பயப்படுங்கள்.

படி 8: நேர்காணல், கேட்கப்படாத கேள்விகள்

எதிரே இருப்பவர் உங்களைவிட இளையவராக இருக்கலாம். அவர் மனதில் நான்கு சந்தேகங்கள் ஓடும், எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். தன்னைவிடச் சிறியவர் சொல்வதைக் கேட்பாரா? புதிய கருவிகளைக் கற்றுக்கொள்வாரா? நல்ல சம்பளம் கிடைத்தால் ஓடிவிடுவாரா? வேலையைச் செய்வாரா, இல்லை மேற்பார்வை மட்டும்தானா?

கேட்காவிட்டாலும் பதில் சொல்லிவிடுங்கள், அறிவிப்பாக அல்ல, கதையாக. 'நான் யாரிடமும் ஈகோ பார்ப்பதில்லை' என்றால் யாரும் நம்பப்போவதில்லை. 'என் கடைசி மேலாளர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். டேட்டா விஷயத்தில் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன், பழைய வாடிக்கையாளர்களைச் சமாளிப்பதில் அவர் என்னிடம் கேட்பார்' என்றால் சந்தேகம் அடங்கும். கடந்த ஆறு மாதத்தில் புதிதாக என்ன கற்றீர்கள் என்பதற்கு, படித்ததைச் சொல்வதைவிட, கற்றதை வைத்துச் செய்த ஒன்றைக் காட்டுங்கள்.

'இந்த வேலைக்கு நீங்கள் ஓவர்குவாலிஃபைட்' என்றால் அதற்கு இரண்டு அர்த்தம்: சலித்துப் போவீர்கள், அல்லது அதிகம் கேட்பீர்கள். இந்தப் பதவியை ஏன் விரும்புகிறீர்கள் என்பதற்கு உங்கள் வாழ்க்கையோடு பொருந்தும் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். 'குழுவை நிர்வகிப்பதை விட்டு மீண்டும் கையால் செய்யும் வேலைக்கு வர விரும்புகிறேன்' என்பது நம்பக்கூடியது, உண்மையாக இருந்தால்.

'எங்க காலத்துல' என்று தொடங்கும் எந்த வாக்கியமும் வேண்டாம். வீடியோ நேர்காணல் என்றால் முந்தின நாளே ஒருவரை அழைத்து ஒலி, வெளிச்சம் சரிபாருங்கள். மைக்கைத் தேடித் தடுமாறும் அரை நிமிடம் அந்த இரண்டாவது சந்தேகத்தை உறுதிசெய்துவிடும்.

படி 9: சம்பளம்

எதிர்பார்ப்பைக் கேட்டால், 'இந்தப் பதவிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்கலாம், தவறில்லை. வற்புறுத்தினால் ஒரு வரம்பு சொல்லுங்கள். அதன் கீழ் எல்லை, படி 1-ல் போட்ட கணக்குக்குக் கீழே போகக் கூடாது. சம்பளம் குறைவு என்றால் மற்றவற்றைப் பேசுங்கள்: பதவிப் பெயர், வீட்டிலிருந்து வேலை, ஆறு மாதத்தில் சம்பள மறுபரிசீலனை. ஒப்புக்கொண்டதெல்லாம் எழுத்தில் வரட்டும். கையெழுத்தான ஆஃபர் லெட்டர் வரும்வரை, பேச்சு நடக்கும் மற்ற இடங்களை விடாதீர்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் ராஜினாமாவும் கொடுக்க வேண்டாம். ரெஃபரன்ஸுக்குப் பெயர் கொடுக்கும் மூவருக்கும் முன்கூட்டியே சொல்லி, எந்தப் பதவிக்கு என்று விளக்கிவிடுங்கள்.

படி 10: சேர்ந்த பிறகு

முதல் மாதம் முழுக்கக் கேள்வி கேளுங்கள். பழைய நிறுவனத்தில் இப்படிச் செய்தோம் என்ற யோசனைகள் நாளுக்கு நான்கு வரும், குறித்துவையுங்கள், சொல்லாதீர்கள். ஏன் அப்படி நடக்கிறது என்று புரிந்தபின் அவற்றில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். மிச்சமிருப்பதில் ஒன்றை, உங்கள் மேலாளருக்கே தொல்லையாக இருக்கும் ஒன்றை, மூன்று மாதத்துக்குள் செய்து முடியுங்கள்.

அந்த ஐம்பது பேர் பட்டியலில் உதவிய ஒவ்வொருவருக்கும், எங்கே சேர்ந்தீர்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள். உதவாதவர்களுக்கும் எழுதலாம். பட்டியலை அழிக்காமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து நாலு பேரிடம் காரணமில்லாமல் நலம் விசாரியுங்கள்.